கூச்சம் எனும் பூட்டு!

ஆலை வாயிலிலே ஆயிரம் பேர் கூடியிருக்கிறார்கள். சங்கச் செயலாளர் பேசுகிறார். சொல் ஒவ்வொன்றும் சம்மட்டி அடியாக விழுகிறது. போனஸ் எவ்வளவு, பஞ்சப்படி எவ்வளவு, நிர்வாகம் மறைத்த கணக்கு எது - கூட்டிக் காட்டுகிறார், கழித்துக் காட்டுகிறார். கையொலி வானைப் பிளக்கிறது!

மறுநாள் காலை. அதே செயலாளர் நிர்வாகத்தின் அறையிலே, மெத்தை வைத்த நாற்காலியின் நுனியிலே உட்கார்ந்திருக்கிறார். எதிரே, வெளி மாநிலத்திலிருந்து வந்த அதிகாரி. அவருக்குத் தமிழ் தெரியாது. இவருக்கு ஆங்கிலம் பேச வராது. அதிகாரி ஐந்து நிமிடம் ஆங்கிலத்திலே பேசுகிறார். பக்கத்திலிருக்கும் நிர்வாகத்தின் ஆள், அதை அரை நிமிடத்தில் தமிழிலே சொல்லி முடித்துவிடுகிறார். மீதி நாலரை நிமிடம் எங்கே போயிற்று? யாருக்குத் தெரியும்! நேற்று ஆயிரம் பேரை ஆட்டிவைத்த நா, இன்று "எஸ் சார்" என்ற இரண்டு சொல்லோடு அடங்கிவிடுகிறது.

இந்தக் காட்சியை நாம் பார்த்திருக்கிறோம்; ஒரு முறையல்ல, பலமுறை பார்த்திருக்கிறோம். பார்த்துப் பார்த்து நொந்த நெஞ்சோடுதான் இதை எழுதுகிறோம்.

அந்தத் தோழருக்கு அறிவுக்குப் பஞ்சமா? இல்லை. பள்ளி வாசலையே மிதிக்காதவரா? அதுவுமில்லை. தமிழும் ஆங்கிலமும் என்ற இருமொழித் திட்டத்தைத் தமிழகச் சட்டமன்றம் தீர்மானமாக நிறைவேற்றியது 1968 சனவரி 23ஆம் நாள். அதற்குப் பின் பள்ளி சென்ற நம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஆங்கிலம் படித்தவர்களே. படித்தார்கள், மனப்பாடம் செய்தார்கள், தேர்விலே தேறினார்கள். பேசத்தான் இல்லை! எப்படிப் பேசுவார்கள்? நாற்பத்தைந்து நிமிடம் பாடவேளை. வகுப்பிலே ஐம்பது பிள்ளைகள். ஆசிரியர் வாயே திறக்கவில்லை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு பிள்ளையின் பங்குக்கு ஒரு நிமிடம்கூடத் தேறாது. கிணற்றின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டி நீச்சல் கற்றுக்கொடுத்தால், கரையேறுகிறவன் எவன்? ஆசிரியரைக் குறைகூறி என்ன பயன்? கிணறு வெளியிலேதான் இருக்கிறது. இறங்க வேண்டியவர்கள் நாம்.

இறங்கியவன் ஒருவனின் கதையைக் கேளுங்கள். ஆண்டு 1878. இங்கிலாந்தின் கிழக்குக் கரையிலே லோஸ்டாஃப்ட் என்றொரு துறைமுகம். இருபது வயதுப் போலந்து இளைஞன் ஒருவன் அங்கே கப்பலிலிருந்து இறங்குகிறான். தாய்மொழி போலிஷ், பிரெஞ்சும் பேசுவான், ஆங்கிலமோ அரைகுறையாகச் சில சொற்கள். இங்கிலீஷ் கற்க அவன் எந்தக் கல்லூரிக்குப் போனான்? நிலக்கரி ஏற்றிச் செல்லும் சிறு கப்பல் ஒன்றிலே கூலி மாலுமியாகச் சேர்ந்தான்! லோஸ்டாஃப்டுக்கும் நியூகாசிலுக்கும் இடையே, கரித்தூள் படிந்த அந்தத் தட்டிலே, கயிறு இழுக்கும் மாலுமிகளின் பேச்சுதான் அவனுக்குப் பாடம். எட்டாண்டு கழித்து, 1886இல், கப்பல் தலைவனுக்குரிய தேர்விலே தேறினான். 1895இல் ஆங்கிலத்திலே அவன் எழுதிய முதல் நாவல் வெளிவந்தது. ஜோசப் கான்ராட் என்ற அந்தப் பெயரை இன்று ஆங்கில இலக்கியப் பேராசிரியர்கள் மரியாதையோடு உச்சரிக்கிறார்கள். ஆனால், 1924இல் கண் மூடும் வரையில் அவன் பேச்சிலே போலந்து வாடை போகவே இல்லை! இதைத்தான் நம் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். வாடை போகவில்லை, அதனால் வாய் மூடவும் இல்லை.

நம் தோழனின் நிலை, அந்தப் போலந்து இளைஞனின் நிலையைவிட மேல் என்கிறோம். நம்பிக்கை வரவில்லையா? லேத் பட்டறைக்குள்ளே நுழைந்து காது கொடுத்துக் கேளுங்கள். ஸ்பேனர், போல்ட், நட், பேரிங், ஷாஃப்ட், டிராயிங், ஓவர்டைம், நைட் ஷிப்ட், லோடு, பெர்மிஷன், மெமோ! காலை முதல் மாலை வரை ஆங்கிலச் சொற்கள் அவன் வாயிலே புழங்குகின்றன. மணி குவிந்து கிடக்கிறது. கோப்பதற்கு நூல் இல்லை. "பெல்ட் கட் ஆயிடுச்சு" என்கிறவன், "தி பெல்ட் இஸ் கட்" என்று சொல்ல எத்தனை தூரம்? இரண்டே இரண்டு சிறு சொற்களின் தூரம்!

ஒரு சிக்கல் உண்டு, அதை மறைக்கமாட்டோம். தமிழிலே வினை கடைசியில் வந்து நிற்கும். "நான் நேற்று மில்லுக்குப் போனேன்" என்கிறோம். ஆங்கிலக்காரன் "நான்" என்றதுமே "போனேன்" என்று சொல்லிவிட்டு, எங்கே, எப்போது என்பதை அதற்குப் பிறகுதான் சொல்வான்: "ஐ வெண்ட் டு தி மில் எஸ்டர்டே." மனத்திலே தமிழ் வாக்கியத்தைக் கட்டி, அதைக் கல் கல்லாகப் பிரித்து ஆங்கிலமாக அடுக்க முயன்றால், பாதி வழியிலே நாக்கு நின்றுபோகும், எதிரே இருப்பவன் கடிகாரத்தைப் பார்ப்பான். ஆகவே தனிச்சொல்லாகக் கற்காதீர்கள். முழு வாக்கியமாகப் பிடித்து, நூறு முறை சொல்லிப் பழக்குங்கள். சைக்கிளிலே போகும்போது சொல்லுங்கள். இயந்திரத்தின் இரைச்சலிலே சொல்லுங்கள். அங்கே உங்கள் குரல் உங்களுக்கே கேட்காது, வெட்கமென்ன!

நம் ஊர்ப் படிப்பகத்துக்கும் தேநீர்க் கடைக்கும் ஒரு பழக்கம் உண்டு. ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், பத்துப் பேர் கேட்பார்கள். எழுத்தறியாத எத்தனையோ பேர் அரசியல் அறிந்தது அப்படித்தான். அதே பெஞ்சிலே, தமிழ்ப் பத்திரிகையைப் படித்து முடித்த கையோடு, அதே செய்தியை ஆங்கிலப் பத்திரிகையிலே எடுத்து உரக்கப் படியுங்கள். விஷயம் முன்பே தெரியும். ஆகவே தெரியாத சொல் தானாகவே பிடிபடும். கிரிக்கெட்டும் அப்படியே. பந்து எங்கே போயிற்று என்பதைக் கண் பார்க்கிறது. ஆங்கில வருணனையைக் காது கேட்கிறது. இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. பிறகு, கையிலே இருக்கும் கைப்பேசி! வாடிக்கையாளர் சேவைக்கு அழைத்தால், எந்த மொழி வேண்டும் என்று கேட்கிறது. ஒரு நாளைக்கு ஆங்கிலத்தை அழுத்துங்கள். பேசுகிறவர் உங்கள் முகத்தைப் பார்க்கப்போவதில்லை. தவறாகப் பேசினால் தண்டம் விதிக்கப்போவதுமில்லை. தடுமாறிப்போனால் இணைப்பைத் துண்டித்துவிட்டு நாளைக்கு மறுபடி அழையுங்கள்.

தமிழுக்காகக் குரல் கொடுக்கும் நாமா ஆங்கிலம் பேசச் சொல்வது என்று புருவத்தை நெரிப்பவர்கள் இருக்கக்கூடும். பெற்ற பிள்ளையை "மம்மி" என்று கூப்பிட வைத்துப் பெருமை பேசச் சொல்லவில்லை. அந்த நோய்க்கு மருந்து வேறு! இங்கிலாந்திலேயே, நீதிமன்றத்தில் பிரெஞ்சு கோலோச்சிய காலம் உண்டு. வழக்காடும் மொழி மக்களுக்குப் புரியவில்லை என்று சொல்லி, ஆங்கிலத்திலே வழக்காட வேண்டுமென 1362இல் சட்டம் செய்தார்கள். அதே நியாயத்தோடுதான், உயர் நீதிமன்றத்திலே தமிழ் ஒலிக்க வேண்டுமெனத் தமிழகச் சட்டமன்றம் 2006இல் தீர்மானம் நிறைவேற்றியது. அந்தக் கோரிக்கையை நாம் கைவிடப்போவதில்லை. ஆனால் அது நிறைவேறும் நாள்வரை, அரசியல் சட்டத்தின் 348ஆவது பிரிவின்படி அங்கே நடப்பது ஆங்கிலத்தில். வேலை நீக்கப்பட்டவனின் வழக்கு அங்கே போனால், தன் வயிற்றைப் பற்றிய வாதம் தன் காதுக்கு எட்டாமல் அவன் பின்வரிசையிலே நிற்கவேண்டும். நாளை வரும் நீதிக்காகப் போராடுகிறவன், இன்று நடப்பதைப் புரிந்துகொள்ளக் கூடாதா?

பூட்டு நாக்கிலே இல்லை தோழர்களே. பக்கத்திலே இருப்பவனின் உதட்டிலே இருக்கிறது! வெள்ளைக்காரர் ஒருவர் "நான் இட்லி சாப்பிடுது" என்று சொன்னால், ஆகா, என்ன அழகாகத் தமிழ் பேசுகிறார் என்று நாம் உருகுகிறோம். நம் தோழன் "ஹீ கோ எஸ்டர்டே" என்று ஆரம்பித்தால், கையிலே தேநீர்க் குவளையோடு விழுந்து விழுந்து சிரிக்கிறோம். அவன் அன்றைக்கு மூடிய வாயைப் பிறகு திறப்பதேயில்லை. இலக்கணப் பிழையால் எந்த ஆலையிலும் எவன் கூலியும் குறைந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. வாய் மூடி நின்றதால் இழந்தவர்களையோ நேரிலே அறிவோம்.

படிப்பகம் நடத்தும் தோழர்கள் கிழமைக்கு ஒரு மாலை, ஒரு மணி நேரம், ஆங்கிலத்திலே பேசிப் பழக ஒதுக்க வேண்டும். பேசும் பொருள் பெரிதாக இருக்க வேண்டியதில்லை. ஷிப்டிலே நடந்தது, சந்தை விலை, பேருந்து தாமதமானது - இவை போதும். பேசி முடிக்கும்வரை திருத்தக்கூடாது. யாராவது சிரித்தால் கோபிக்க வேண்டாம். அடுத்து எழுந்து பேசும் முறையை அவருக்கே கொடுத்துவிடுங்கள்.