திரையில் 'சி.ஓ. 27' என்று வந்தால்...

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ 'மெடிக்கல் பில்லிங்' வேலைக்குப் போகிற பிள்ளை ஒருவராவது இருப்பார். சாயங்காலம் ஆபீஸ் கேப் ஏறினால், விடிகாலையில்தான் திரும்புவார். "என்ன வேலைப்பா அது?" என்று தாத்தா கேட்டால், "அமெரிக்கா ஆஸ்பத்திரிக்கு பில் போடறேன் தாத்தா" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அந்த பில்லுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சங்கதியைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம். அந்த வேலையில் இல்லாதவர்களும் படிக்கலாம். படிவம் ஒன்று போய்ச் சேராததால் ஏழைக்கு வைத்தியம் நின்றுபோகிற கதை இது.

அமெரிக்காவில் வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவத் திட்டம் மெடிகெய்ட். 1965 ஜூலை 30 அன்று ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் கையெழுத்திட்ட சட்டத்தில், முதியவர்களுக்கான மெடிகேரும் இதுவும் ஒன்றாகப் பிறந்தன. பெயர் ஒட்டிப் பிறந்தாலும் குணம் வேறு. மெடிகேரை மத்திய அரசு நடத்துகிறது. மெடிகெய்டில் மத்திய அரசும் மாநிலமும் செலவைப் பகிர்ந்துகொள்ள, நடத்துவது மாநிலம். அதனால் மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். பெயரே மாறும்! கலிஃபோர்னியாவில் மெடி-கால், டென்னஸியில் டென்கேர், விஸ்கான்சினில் பேட்ஜர்கேர், ஓக்லஹோமாவில் சூனர்கேர். அரிசோனா 1982-ல்தான் திட்டத்துக்குள்ளேயே வந்தது.

சின்னத் திட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே பிறக்கும் பத்துக் குழந்தைகளில் சுமார் நான்கு குழந்தைகளின் பிரசவச் செலவு இதில்தான் நடக்கிறது. நர்ஸிங் ஹோம்களில் இருக்கும் பெரியவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கும் இதுதான் துணை. (அங்கே நர்ஸிங் ஹோம் என்றால் நம்மூர் சின்ன ஆஸ்பத்திரி அல்ல, முதியோரைப் பராமரிக்கும் இல்லம்.)

ஒவ்வொரு மாநிலமும் தன் திட்டத்தில் பதிவு செய்த டாக்டர்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் சுற்றறிக்கை அனுப்பிக்கொண்டே இருக்கும். 'புரொவைடர் புல்லட்டின்' என்பார்கள். கட்டணப் பட்டியல் மாறியது, இந்த மருந்துக்கு முன் அனுமதி வாங்க வேண்டும், ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் பதிவுப் புதுப்பிப்புக்கு நாள் நெருங்குகிறது என்று வந்துகொண்டிருக்கும். படிக்கத் தூக்கம்தான் வரும். ஆனால் டாக்டருக்குப் பணம் வருமா, நோயாளிக்கு பில் போகுமா என்பதெல்லாம் அந்தத் தூக்கம் வரவழைக்கும் தாளில்தான் இருக்கிறது.

பில் நிராகரிக்கப்பட்டால் 'டினையல்' கோடு ஒன்று வரும். சி.ஓ. 29 என்றால், பில்லைத் தாமதமாக அனுப்பினீர்கள் என்று அர்த்தம். மத்திய விதிப்படி அதிகபட்சம் 12 மாதம். பல இடங்களில் அதைவிடக் குறைவு. இந்த நஷ்டம் டாக்டருடையது. மெடிகெய்டில் இருக்கும் நோயாளியிடம் அந்தப் பணத்தை வசூலிக்கக் கூடாது.

சி.ஓ. 27 வேறு ஜாதி. 'வைத்தியம் நடந்த அன்று இவருக்குக் காப்பீடே இல்லை' என்று அர்த்தம். அப்போது பில் போவது நோயாளியின் வீட்டுக்கு. ஏற்கெனவே ஏழை என்று அரசே ஒப்புக்கொண்ட ஒருவருக்கு!

காப்பீடு ஏன் போனது? வருமானம் கூடியதாலா? பல சமயம் இல்லை. நம்மூரில் பென்ஷன் வாங்கும் பெரியவர்கள், 'உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வருடா வருடம் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருக்கிறது அல்லவா? கொடுக்காவிட்டால் பென்ஷன் நிற்கும், ஆள் திடகாத்திரமாக இருந்தாலும். அதே கதைதான் அங்கேயும். கொரோனா காலத்தில், 2020 மார்ச் முதல் 2023 மார்ச் வரை, யாரையும் நீக்கக் கூடாது என்று தடுத்து வைத்திருந்தார்கள். தடை நீங்கி மறுபரிசீலனை முடிந்தபோது இரண்டரைக் கோடிப் பேருக்கு மேல் நீக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் பத்துக்கு ஏழு பேர் தகுதியில்லை என்று தீர்மானமாகி நீக்கப்பட்டவர்கள் அல்ல. படிவம் திரும்பி வரவில்லை, வீடு மாறியதால் கடிதம் போய்ச் சேரவில்லை என்கிற மாதிரிக் காரணங்கள்.

ஆர்கன்ஸா மாநிலத்தில் 2018-ல் நடந்தது இன்னும் கொடுமை. மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டினால்தான் மெடிகெய்ட் என்றார்கள். முதலில் கணக்கை ஆன்லைனில் மட்டுமே கொடுக்க முடியும். அந்த இணையதளமும் ராத்திரி 9 மணிக்கு மூடி காலை 7 மணிக்குத்தான் திறக்கும்! பகலெல்லாம் உழைப்பவர் எப்போது பதிவார்? சில மாதங்களில் சுமார் 18,000 பேர் காப்பீட்டை இழந்தார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் நிறுத்தியது. அந்த விதிக்கு உட்பட்டவர்களில் 95 சதவீதத்துக்கு மேற்பட்டோர் ஏற்கெனவே நிபந்தனைப்படி உழைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லது விலக்குக்கு உரியவர்கள் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பிறகு கண்டறிந்தார்கள்.

அதே 80 மணி நேர விதி இப்போது பெரிய அளவில் வருகிறது. 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டப்படி, ஒபாமா காலச் சட்டத்தால் புதிதாகச் சேர்க்கப்பட்ட 19 முதல் 64 வயதுக்காரர்கள், 2027 ஜனவரிக்குள் இந்த நிபந்தனைக்கு உட்பட வேண்டும். மாநிலங்கள் முன்கூட்டியே தொடங்கவும் அனுமதி உண்டு. கர்ப்பிணிகள், கடும் நோயாளிகள், 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் பெற்றோர் போன்றோருக்கு விலக்கு. ஆனால் விலக்கு உண்டென்று காட்டவும் தாள் வேண்டியிருக்குமே! தகுதிச் சோதனையும் வருடத்துக்கு ஒருமுறை என்பது போய், இவர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆகிறது. விண்ணப்பித்த மாதத்துக்கு முந்தைய மூன்று மாத பில்களையும் ஏற்கும் பழைய சலுகை, இவர்களுக்கு ஒரே மாதமாகச் சுருங்குகிறது. மற்றவர்களுக்கு இரண்டு மாதம்.

இனி சி.ஓ. 27 அதிகம் வரும் என்பது என் கணிப்பு. சில மாநிலங்கள் மெடிகெய்ட் வேலையை நாட்டுக்கு வெளியே அனுப்ப விடுவதில்லை. அனுமதி உள்ள மாநிலங்களின் கணக்கைப் பார்க்கும் தம்பி, தங்கைகளுக்கு ஒரு விஷயம். படிவம் கொடுக்காததால் நீக்கப்பட்ட பெரும்பாலோர், 90 நாளுக்குள் அதைக் கொடுத்தால் புதிதாக விண்ணப்பிக்காமலே மறுபடி பரிசீலிக்கப்பட வேண்டும் என்று மத்திய விதி இருக்கிறது. ஆகவே அந்தக் கோடு வந்ததும் 'பேஷன்ட் ரெஸ்பான்சிபிலிட்டி' என்று தள்ளிவிட்டு அடுத்த அக்கவுன்டுக்குப் போகாதீர்கள். காப்பீடு எந்தத் தேதியில், எதனால் நின்றது என்று பாருங்கள். படிவம்தான் காரணமென்றால், 90 நாள் என்றைக்கு முடிகிறது என்று நோட்ஸில் எழுதி, நோயாளியைக் கூப்பிட்டுச் சொல்லும்படி கிளினிக்குக்கு அன்றைக்கே தகவல் கொடுங்கள். சில வாரம் கழித்து எலிஜிபிலிட்டியை மறுபடி சரிபாருங்கள். முன்தேதியிட்டுக் காப்பீடு திரும்பியிருந்தால், பில்லை மறுபடி அனுப்பிவிடலாம்.