மார்னி நிக்சன் யாருடைய நிழலும் அல்ல

ஹாலிவுட்டின் பழைய இசைப்படங்களைப் பற்றிப் பேசுகிறவர்கள் மார்னி நிக்சனை ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்: மேடையில் சோபிக்காமல் ஸ்டுடியோவில் ஒதுங்கி, நட்சத்திரங்களின் குரலைப் போலி செய்து பிழைத்தவர். இந்த வரியில் எதுவும் சரியில்லை.

1950களில் இசை நடத்துனர் ராபர்ட் கிராஃப்ட், இசையமைப்பாளர் ஆன்டன் வெபர்னின் படைப்புகளைத் தொகுப்பாக ஒலிப்பதிவு செய்தபோது பாடிய சொப்ரானோ (உச்சக் குரல்) பாடகிகளில் நிக்சனும் ஒருவர். வெபர்னிடம் ஒரு சுரத்திலிருந்து அடுத்தது எங்கோ உச்சிக்குத் தாவும். பிடித்துக்கொள்ளப் பழகிய மெட்டு எதுவும் இருக்காது. அதைப் பாடியவரா போக்கிடமில்லாமல் சினிமாவுக்கு வந்தார்?

போலி என்பது இன்னும் பெரிய அநியாயம். 'தி கிங் அண்ட் ஐ' (1956) படத்துக்காக அவர் நடிகை டெபரா கெர்ருடன் சேர்ந்தே ஒத்திகை பார்த்தார். கெர்ரின் உச்சரிப்பையும் உடல் அசைவையும் கவனித்துப் பாட்டைத் தன் தொண்டையில் அமைத்துக்கொண்டார். ஒரே பாட்டுக்குள் கெர் பேசுவார், நிக்சன் பாடுவார், ஒட்டு தெரியாது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் (1961) அந்த வசதியும் இல்லை. தன் குரலே படத்தில் ஒலிக்கும் என்று நம்பி நாயகி நடாலி வுட் நடித்து முடித்துவிட்டார். அதன் பிறகுதான் அந்த உதட்டசைவுக்கு நிக்சன் பாட வேண்டியிருந்தது, நடிகை தாளம் பிசகிய இடங்களையும் சரிக்கட்டி. கூட்டாகப் பாடும் ஒரு பகுதியில் இன்னொரு நடிகையான ரீட்டா மொரீனோவின் வரிகளைப் பாடியதும் நிக்சன்தான். ஒரே பாட்டில் இரண்டு பாத்திரங்கள்! இதற்குச் சாஸ்திரியப் பயிற்சியும் வேண்டும், நடிப்பும் வேண்டும்.

பெயர் போடாததால் பங்களிப்பு சிறியது என்று வாதிடுகிறவர்களும் உண்டு. நம் படங்களில் பி. சுசீலாவின் பெயர் டைட்டிலிலேயே வந்தது. ஆனால் அன்றைய ஹாலிவுட்டில் மறைப்பதுதான் வழக்கமாக இருந்தது. வெளியே சொன்னால் இனி வேலை கிடைக்காது என்று தன்னை மிரட்டியதாக நிக்சனே பின்னாளில் சொல்லியிருக்கிறார். சிறிய உதவியை யாரும் இவ்வளவு பாடுபட்டு ஒளிப்பதில்லை. நிக்சனுடைய பங்களிப்பின் மதிப்பு இசையமைப்பாளர் லெனர்ட் பெர்ன்ஸ்டைனுக்குத் தெரிந்திருந்தது. 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' இசைத்தட்டு வருமானத்தில் தனக்குரிய பங்கிலிருந்து கால் சதவீதத்தை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

திரையில் முகம் காட்டத் தகுதியில்லாதவர் என்பது கடைசி வாதம். 'தி சவுண்ட் ஆஃப் மியூசிக்' (1965) படத்தில் சிஸ்டர் சோஃபியாவாகப் பாடி நடிப்பவர் அவரேதான். 'மை ஃபேர் லேடி' (1964) படத்தில் ஆட்ரி ஹெப்பர்னின் பெரும்பாலான பாட்டுகளுக்கு நிக்சன் குரல் கொடுத்தார். படம் வெளியான அதே ஆண்டில் நியூயார்க் சிட்டி சென்டர் மேடையில் அதே கதையின் நாயகி எலைசா டூலிட்டிலாகத் தானே பாடி நடித்தார்.