காலில் புண் என்றால் தொடையிடுக்கையும் பாருங்கள்

திருகோணமலை நகரிலிருந்து குச்சவெளிப் பக்கமோ மூதூர்ப் பக்கமோ சென்றால், வெறுங்காலுடன் கரைவலை இழுப்போரையும் வயலில் இறங்குவோரையும் காண்கிறோம். அவர்களது பாதத்தில் புண் இருப்பது புதுமையல்ல. அதனாலேயே ஆறாத புண்ணும் எவருக்கும் புதுமையாகத் தெரிவதில்லை. மருந்து கட்டுகிறோம், மாதங்கள் ஓடிவிடுகின்றன.

தோல் புற்றுநோய் வெள்ளையரின் நோய் என்று நாம் எண்ணுகிறோம். அவர்களிடையே அது மிக அதிகம் என்பது உண்மையே. ஆனால் மெலனோமா என்னும் கொடிய வகை கருந்தோல் உடையோருக்கு வரும்போது, பெரும்பாலும் உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தின் அடி ஆகிய இடங்களிலேயே வருகிறது. ஜமெய்க்காப் பாடகர் பொப் மார்லியின் கால்விரலில் 1977 இல் கண்டறியப்பட்டதும் இதுவே. 1981 இல், 36 வயதில் அவர் இறந்தார். பழைய தீக்காயத் தழும்பிலும் நெடுநாட் புண்ணிலும் வேறொரு வகைத் தோல் புற்றுநோய் தோன்றலாம். யுத்தத்தின் தழும்புகளைச் சுமக்கும் எமது மாவட்டம் இதை மறக்கலாகாது.

இந்நோய் பரவும்போது பெரும்பாலும் முதலில் அருகிலுள்ள நிணநீர்க் கணுக்களையே அடைகிறது. காலிலிருந்து தொடையிடுக்கு, கையிலிருந்து அக்குள், முகத்திலிருந்து கழுத்து என்பதே அதன் பாதை. "நெறி கட்டியிருக்கிறது" என்று நம் தாய்மார் சொல்வது இக்கணுக்களின் வீக்கத்தையே. எல்லா நெறியும் புற்றுநோயல்ல. கிருமி தொற்றினாலும் நெறி கட்டும், புண் ஆற அதுவும் வற்றும். வலியில்லாமல், கல்லைப்போல் இறுகி, வாரக்கணக்கில் வற்றாதிருப்பதே சந்தேகத்துக்குரியது. அதிலிருந்து ஊசியால் சிறிது எடுத்துச் சோதிக்கலாம்.

கைக்குத் தென்படாத பரவலும் உண்டு. 1992 இல் அமெரிக்க சத்திரசிகிச்சை நிபுணர் டொனால்ட் மோர்ட்டனும் அவரது குழுவினரும் ஒரு வழியை வெளியிட்டனர். மெலனோமா இருந்த இடத்தில் நீலச்சாயம் ஏற்றி, அது முதலில் சென்றடையும் 'காவற் கணு'வை மாத்திரம் அகற்றிச் சோதிப்பதே அவ்வழி. அதில் நோய் இருந்தாலும், ஏனைய கணுக்களையெல்லாம் உடனே அகற்றுவது ஆயுளைக் கூட்டுவதில்லை என 2017 இல் வெளியான பெரிய ஆய்வொன்று காட்டியது. கால் வீக்கத்துக்கு அஞ்சி வைத்தியசாலைக்குப் போகாதிருப்போருக்கு இது ஆறுதலான செய்தி.

ஆனால் நோயாளி காலந்தாழ்த்தி வந்தால் இந்த நுட்பங்களால் என்ன பயன்? எம்மைப் பொறுத்தவரை முதற்கருவி விரல்களே. புண்ணைக் காட்டுபவர் நெறியைக் காட்ட வெட்கப்படுகிறார். புண்ணுக்கு மருந்து கட்டுபவரும் பல வேளைகளில் கேட்பதில்லை. இருவரின் மௌனத்திலும் நோய் வளர்கிறது.

ஆகவே நாம் கேட்பவை பெரியவையல்ல. ஆறாத புண்ணோடு வருபவரின் தொடையிடுக்கையும் தொட்டுப் பார்ப்பது வழக்கமாகட்டும். அதற்கு ஒரு மறைப்புத் திரையும், பெண்களுக்கென ஒரு பெண் தாதியும் இருக்கட்டும். மஹரகம வரை செல்ல வேண்டிய ஏழையின் பயணச் செலவையும், அவர் இழக்கும் நாட்கூலியையும் எமது கிராமச் சங்கங்கள் பகிர்ந்துகொள்ளட்டும். மாதமொருமுறை கூடும் மாதர் சங்கத்தில் உள்ளங்காலைப் பார்க்கும் பழக்கத்தைத் தொடங்குவோம். வலையின் ஓட்டையை நாள்தோறும் பார்ப்பவர்கள் நாம். சொந்தப் பாதத்தை எப்போது பார்க்கப் போகிறோம்?