பச்சப்பிள்ளைக்கு எதுக்குய்யா போஸு?

நம்ம ஊர்ல இப்பல்லாம் பிள்ளை பெறந்த வீட்டுக்குள்ள நுழைஞ்ச உடனே வர்ற கேள்வி, "போட்டோஷூட் புக் பண்ணியாச்சா?" தூத்துக்குடின்னா தீம் என்னவா இருக்கும்னு நான் சொல்லவா வேணும்? பெருசா ஒரு சிப்பி, உள்ள பஞ்சு மெத்தை, சுத்தி முத்துமணி, நடுவுல பிள்ளை. இந்தக் கடல்ல முத்துக்குளிப்பு கடைசியா நடந்தது 1961-ல. ஃபைபர் சிப்பியாவது இருந்துட்டுப் போகட்டும், அதுல எனக்கு சண்டை இல்ல :-)

என் சண்டையெல்லாம் 'ஷூட்டுக்குப் பிள்ளைய எப்படி ரெடி பண்றது'ங்கற பேச்சோடதான்.

நம்ம தலைமுறைக்கு மொத படம் எப்ப எடுத்தாங்கன்னு யோசிச்சுப் பாருங்க. கழுத்து நின்னு, குப்புற விழுந்தப்புறம். ஸ்டூடியோவுல துண்ட விரிச்சு கவுத்துப் போட்டு, கிலுகிலுப்பைய ஆட்டுனா தலைய தூக்கிப் பாக்கும். கிளிக். அந்த போஸ் பிள்ளை தானா குடுத்தது.

இப்ப 5-லருந்து 14 நாளைக்குள்ள எடுக்கணும்ங்கறாங்க. அப்பதான் அசந்து தூங்கும், வயித்துக்குள்ள இருந்த மாதிரி சுருண்டுக்கும்னு காரணம் சொல்றாங்க. நெசந்தான். ஆனா அதே நாள்லதான் பெறந்த எடையில கொறஞ்சது (10 சதவீதம் வரைக்கும்கூட கொறையும்) திரும்ப ஏறிட்டு இருக்கும். மஞ்சக்காமாலை முழுசா வடிஞ்சிருக்காது. தொப்புள்கொடி விழுந்திருக்குமான்னு சொல்ல முடியாது. அம்மாவுக்கு சிசேரியன் தையல் வேற. இந்த நேரத்துல, தூங்க வைக்கறதுக்காக பாலைத் தள்ளிப்போடுறது, சீனித் தண்ணி தொட்டு வைக்கறது, தேன் தடவுறது எல்லாம் விளையாட்டு இல்ல. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒருக்க பால் குடிக்கற பிள்ளை அது. பசிச்சா ஷூட் நிக்கணும், பால் நிக்கக் கூடாது.

அடுத்தது தவளை போஸ். கன்னத்துக்குக் கைய முட்டுக் குடுத்து பிள்ளை தானா உக்காந்திருக்கற மாதிரி இருக்குமே, அது. அது ஒரே படம் இல்ல மக்களே! ஒரு படத்துல ஒருத்தர் தலையப் பிடிச்சிருப்பார், இன்னொன்னுல கைய. ரெண்டையும் போட்டோஷாப்ல ஒட்டி, பிடிச்ச கைய அழிச்சிருவாங்க. கழுத்து நிக்க மூணு நாலு மாசம் ஆகும். இது தெரியாம செல்போன வச்சுக்கிட்டு வீட்டுலயே செஞ்சு பாக்கறவங்களுக்காகத்தான் இந்தப் பத்தி.

அப்புறம் ஏசி. நம்ம ஊர் வெக்கைக்கு போட்டோகிராபர் 18-ல வைப்பார். துணியில்லாம கெடக்கற பச்ச உடம்பு சட்டுனு சூடு எறங்கிரும். ரூம் 26, 28 டிகிரி இருக்கணும். பெரியவங்களுக்கு வேர்க்கும். வேர்க்கட்டும்!

சிப்பிய சுத்திப் போடுற முத்துமணியும், ஹேர்பேண்ட்ல ஒட்டுன மணியும் இழுத்தா வராதுன்னு பாத்துக்கோங்க. உதிர்ந்த ஒரு மணி போதும், தொண்டையில அடைக்க. முத்துநகர் பீச்சுக்குத் தூக்கிட்டுப் போற ஐடியா இருந்தா இப்பவே விட்ருங்க. வெயிலு, மணலு, உப்புக்காத்து எதுவும் அந்தத் தோலுக்கு ஆகாது.

"பதினாறு கழியட்டும், அதுக்கு முந்தி வெளிய தூக்காதீங்க"ன்னு ஆச்சிமார் சொன்னா சிரிக்காதீங்க. அவங்க கண்ணேறுக்குப் பயப்படுவாங்க, டாக்டர் கிருமிக்குப் பயப்படுவார். கக்குவான் இருமலுக்கான தடுப்பூசியே ஆறாவது வாரத்துலதான் ஆரம்பிக்குது. அதனால வீட்டுக்கே வரச் சொல்லுங்க. சளி இருமல் இருந்தா இன்னொரு நாள் வரச் சொல்லுங்க. கைய சோப்புப் போட்டுக் கழுவணும், முத்தம் குடுக்கக் கூடாது. புக் பண்றதுக்கு முந்தி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "பிள்ளை அழுதா என்ன செய்வீங்க?" "நிப்பாட்டிருவேன்"னு சொன்னா கண்ண மூடிக்கிட்டு அட்வான்ஸ் குடுக்கலாம்.

ஜன்னல் பக்கம் ஒரு பாய், அம்மாவோட பழைய பருத்திச் சேலை, காலை வெளிச்சம், வயிறு நெறஞ்ச தூக்கம். இதுக்கு மேல ஒரு நல்ல படத்துக்கு என்ன வேணும்? 14 நாள் தாண்டிருச்சேன்னு யாராவது பயமுறுத்துனா கவலையே படாதீங்க. நாலஞ்சு மாசத்துல பிள்ளை தானா கவுந்து, தலைய தூக்கி உங்களப் பாக்கும். அப்ப எடுங்க.