பேரனுக்கும் கீ-ஹோல்தானா?

“கீ-ஹோல் இருக்கும்போது பச்சைக் குழந்தையை எதற்குக் கிழிக்கணும்?” குழந்தைக்குக் குடலிறக்கம், ஆபரேஷன் வேண்டும் என்றதும் வீட்டில் முதலில் எழுவது இந்தக் கேள்விதான். தாத்தாவுக்குச் சிறு துளைகள் வழியே கேமரா விட்டுச் செய்யும் இந்த லேப்ராஸ்கோப்பியில் நல்லபடியாக முடிந்திருக்கும்; பேரனுக்கும் அதுவே உசத்தி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் இருவருக்கும் வந்திருப்பது ஒரே கோளாறு அல்ல.

தாத்தாவுக்குப் பெரும்பாலும் வயிற்றுச் சுவர் தளர்ந்திருக்கும். வலை வைத்துப் பலப்படுத்த வேண்டும். குழந்தையின் தசையில் பழுது இல்லை. கருவில் விரை கீழிறங்கும்போது அதனுடன் நீண்டு வரும் சவ்வுப் பை மூடாமல் நின்றுவிடுகிறது. பெண் குழந்தைகளுக்கும் அப்படியொரு பை உண்டு. சில சமயம் அதில் சினைப்பையே இறங்கிவிடும். பையின் கழுத்தைக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. வலைக்கு இங்கே இடமில்லை.

ஆகவே ‘வலி குறைவு, சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம்’ என்பது பெரியவர்கள் கணக்கு. குழந்தைக்குக் கவட்டி மடிப்பில் போடும் கீறல் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். தழும்பு அந்த மடிப்பிலேயே மறைந்துபோகும். கீறிச் செய்தாலும் துளையிட்டுச் செய்தாலும் பெரும்பாலான குழந்தைகள் அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். மூச்சு நின்று நின்று வரும் ஆபத்துள்ள குறைமாதக் குழந்தைகளை மட்டும் ஓரிரவு கண்காணிப்பில் வைப்பார்கள்.

‘மறுபக்கத்தையும் கேமராவில் பார்த்துவிடலாமே’ என்பது இருப்பதிலேயே வலுவான வாதம். பார்க்கலாம்தான். பார்த்து என்ன செய்வது? பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானோருக்கு அந்தப் பை திறந்துதான் இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒருபோதும் குடலிறக்கமாக மாறுவதில்லை. ஒரு பக்கம் ஆபரேஷன் ஆன குழந்தைகளில் மறுபக்கமும் பின்னால் வீங்குவது நூறில் பத்துப் பேருக்கும் குறைவு. திறந்திருப்பதை எல்லாம் கட்டினால், தேவையே இல்லாத பல குழந்தைகளின் விந்துக் குழாய்க்கு அருகே ஊசி போகும். ‘வந்ததற்கு அதையும் முடித்துவிடுவோம்’ என்பது எனக்கு ஒப்பவில்லை.

‘துளை சின்னது, ஆபத்தும் சின்னது’ என்பதும் பொருந்தாது. வயிற்றில் வாயு நிரப்ப வேண்டியிருப்பதால் பெரும்பாலும் முழு மயக்கமும் மூச்சுக்குழாயில் டியூபும் தேவைப்படும். கீறிச் செய்யும் முறையில் சிறு சிசுக்களுக்கு முதுகில் ஊசி போட்டு, மயக்காமலே முடிக்க முடியும். 7 நாடுகளில் 722 சிசுக்களை வைத்து நடந்த ஆய்வு முழு மயக்கத்தையும் முதுகு ஊசியையும் ஒப்பிட்டது. ஒரு மணி நேரத்துக்கும் குறைந்த முழு மயக்கத்தால் 5 வயதில் அறிவு வளர்ச்சி குன்றவில்லை என்று 2019-இல் அதன் முடிவு வந்தது. எனவே கீ-ஹோல் என்றால் பயப்படவும் வேண்டாம். ஆபத்து குறைவு என்று கொண்டாடவும் வேண்டாம்.

கீறிச் செய்த பிறகு திரும்ப வந்த குடலிறக்கத்துக்குத் துளை முறையையே நானும் கேட்பேன். பழைய தழும்புக்குள் விந்துக் குழாயைத் தேடும் சிரமம் அதில் இல்லை. இரு பக்கமும் வீங்கியிருந்தாலும் அது வசதி. மற்றபடி, குழந்தைகளையே அறுவை செய்து பழகிய சர்ஜனும் குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகியவரும் இருக்கிறார்களா என்று விசாரிப்பதுதான் முக்கியம்.

கேமரா உள்ள ஆஸ்பத்திரியைத் தேடி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவது இன்னும் மோசம். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து முதல் வயதில்தான் அதிகம். குறைமாதக் குழந்தைக்கு எப்போது செய்வது என்பதை டாக்டர் முடிவு செய்யட்டும். ஆனால் வீக்கம் கல்லுப்போல் இறுகி, உள்ளே போகாமல், குழந்தை வீறிட்டு அழுது வாந்தி எடுத்தால், எந்த முறை என்று யோசிக்காமல் பக்கத்திலுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும்.