ரிபீட் போட்டால் பாட்டு தடுக்குகிறதா?

பாளையங்கோட்டையில் பாடகர் குழுவுக்குக் கீபோர்டு வாசிக்கும் என் சித்தப்பா போன வருடம் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். மியூஸ்ஸ்கோர் என்ற இலவச மென்பொருளை நிறுவிக் கொடுத்தேன். ஒரே வாரத்தில் போன் வந்தது. "ஏலே, பாட்டு முதல் தடவை நல்லா வருது. ரெண்டாம் தடவை வரும்போது மெஷின் மூச்சு விட்டுட்டு நிக்குது. பிள்ளைங்க முந்திடுதாங்க."

கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை. ஸ்வரங்களை எழுதக் கற்றுக்கொண்ட பலரும் பாட்டின் தொடக்கத்தையும் திரும்பி வருவதையும் எழுதக் கற்பதில்லை. இந்த இரண்டும்தான் முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

'ஹேப்பி பர்த்டே' பாட்டைக் கைதட்டிப் பாடிப் பாருங்கள். முதல் பலமான தட்டு 'பர்த்' மேல் விழும். 'ஹேப்பி' அதற்கு முன்பே வந்துவிடுகிறது. இப்படித் தாளத்துக்கு முந்தி வரும் ஸ்வரங்களுக்குப் பிக்கப் என்று பெயர். நம் இசையில் இது புதிதல்ல. தாளத்துக்கு முன்பே பாட்டு தொடங்கினால் அதீத எடுப்பு, தாளத்தோடு சேர்ந்தால் சம எடுப்பு, தாளம் விழுந்த பின் தொடங்கினால் அனாகத எடுப்பு. அனாகதத்துக்கு முதலில் மௌனக் குறி போடுவது சரி. அதீதத்துக்கும் அதையே செய்தால்தான் வம்பு.

சித்தப்பா செய்தது அதுதான். மூன்று எண்ணிக்கை கொண்ட முதல் மெஷரில் இரண்டு மௌனம், ஒரு ஸ்வரம் என்று நிரப்பினார். கடைசி மெஷரையும் முழுதாக மூன்று எண்ணிக்கைக்கு நீட்டினார். ரிபீட் போட்டதும் கம்ப்யூட்டர் தொடக்கத்துக்குப் போய் அந்த இரண்டு மௌனத்தையும் விசுவாசமாக வாசித்தது. கடைசி ஸ்வரத்தில் ஒன்று, மௌனத்தில் இரண்டு, ஆக ஒரு முழு மெஷர் அதிகம்!

சரியான வழி எளிது. புதிய ஸ்கோர் உருவாக்கும்போதே பிக்கப் மெஷர் வேண்டும் என்று தேர்வு செய்து, அதன் அளவை ஒரு எண்ணிக்கை என்று கொடுங்கள். ஏற்கெனவே எழுதியாயிற்றா? அந்த மெஷரின் காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து மெஷர் பிராப்பர்ட்டீஸ் திறந்து உண்மை அளவை மாற்றுங்கள். கடைசி மெஷரை இரண்டு எண்ணிக்கையாகக் குறையுங்கள். முடிவில் இரண்டு, தொடக்கத்தில் ஒன்று, மொத்தம் மூன்று. தையல் தெரியாமல் பாட்டு திரும்பும்.

அடுத்தது ரிபீட். பலர் பல்லவியைக் காப்பி செய்து ஒவ்வொரு சரணத்துக்குப் பின்னும் பேஸ்ட் செய்கிறார்கள். ஒரு ஸ்வரத்தைத் திருத்த வேண்டும் என்றால் நான்கு இடத்தில் திருத்த வேண்டும். ஓர் இடம் விட்டுப் போகும். ஒத்திகையில் பாதிப் பேர் ஒன்று, மீதிப் பேர் ஒன்று பாடுவார்கள். புரோகிராம் எழுதும் எங்களுக்கு இது பழைய தலைவலி. ஒரு விஷயத்தை ஒரே இடத்தில் எழுது என்பதே எங்கள் தொழிலின் பாலபாடம்.

பல்லவி முதல் சரண முடிவு வரை இரு ரிபீட் கோடுகளுக்குள் அடக்குங்கள். சரணம் மூன்று என்றால் கடைசி மெஷரின் பிளே கவுண்ட்டை 3 ஆக்குங்கள். மூன்று சரணங்களின் வரிகளையும் ஒரே ஸ்வரங்களின் கீழ் அடுக்கடுக்காக எழுதலாம். பல்லவியின் முடிவில் ஃபைனே, சரணத்தின் முடிவில் டா காப்போ அல் ஃபைனே போட்டால் இறுதியாகப் பல்லவிக்கு வந்து அழகாக நிற்கும்.

"போனில் பாடிப் பதிந்தால் போதாதா?" என்று கேட்கலாம். பதிவு ஒருவர் ஒரு நாள் பாடியதைக் காட்டும். எடுப்பு எங்கே, எத்தனை தடவை திரும்புகிறது என்பதை எழுத்துதான் சொல்லும். இதை நம் பக்கத்துக்காரர்கள் எப்போதோ உணர்ந்திருக்கிறார்கள். எட்டயபுரத்தில் சுப்பராம தீட்சிதர் கமகங்களுக்குத் தனிக் குறியீடுகள் வைத்து 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி'யை 1904-ல் அச்சில் கொண்டுவந்தார். அன்று ஒவ்வொரு குறியையும் அச்சுக் கோத்தார்கள். நமக்கோ ஒரு கிளிக்.

மேற்கத்திய இசைக்காகச் செய்த மென்பொருளில் நம் கமகம் முழுதாக அடங்காது என்பது உண்மைதான். அதற்காக எலும்புக்கூட்டையும் எழுதாமல் விடலாமா? நம் ஊர்க் கோயில்களிலும் தேவாலயங்களிலும் வயதானவர்களின் வாயில் மட்டும் இருக்கும் மெட்டுகள் ஏராளம். அவர்களோடு அவையும் போய்விடும்.

இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பாடச் சொல்லுங்கள். கைதட்டி முதல் தட்டு எங்கே விழுகிறது என்று பாருங்கள். அதன் பிறகு மவுஸைத் தொடுங்கள். சித்தப்பாவின் குழு இப்போது முந்துவதில்லை.