நேர்த்திக்கடனும் காட்சிப்பொருளும்

சங்கரன்கோவிலில் கோமதியம்மனை வழிபட வருவோருள் பலர், பாம்பும் தேளும் தம் இல்லத்தை அண்டாதிருக்க வேண்டி, அவற்றின் உருவம் பொறித்த சிறு தகடுகளை உண்டியலில் இடுவதை இவ்வூரார் அனைவரும் அறிவர். அத்தகட்டின் வேலைப்பாட்டை எவரும் எடைபோடுவதில்லை. வேண்டுதல் நிறைவேறியதா என்பதே அங்கு வினா. அதனைக் கண்ணாடிப் பேழையில் வைத்து, 'உலோகத் தேள்; நாட்டுப்புறக் கைவினை' என்று எழுதிவிட்டால், எழுதியதில் பிழையில்லை; ஆயின் சொல்ல வேண்டியது எதுவும் சொல்லப்படவில்லை. பல்கலைக்கழகக் கலைக்கூடங்களில் இடம்பெறும் பழங்குடி ஓவியங்களுக்கு நேரக்கூடிய நிலையும் இதுவே.

குசராத்து மாநிலத்தின் சோட்டா உதய்ப்பூர் வட்டாரத்தில் வாழும் இராத்துவா மக்களின் பிதோரா ஓவியத்தைச் சான்றாகக் கொள்வோம். நோயோ வறுமையோ வந்துற்றபோது குடும்பத் தலைவர் பிதோரா தெய்வத்திற்கு நேர்ந்துகொள்கிறார். வசதி கூடும் நாளில் அக்கடனைத் தீர்க்கிறார். கன்னிப் பெண்கள் சாணமும் வெண்மண்ணும் பூசிச் சுவரை அணியப்படுத்துவர். 'லக்காரா' எனப்படும் ஓவியர்கள் பாலும் இலுப்பைப்பூ மதுவும் சேர்த்துக் குழைத்த வண்ணங்களால் தெய்வக் குதிரைகளை வரைவர். இறுதியில் 'பட்வோ' எனப்படும் பூசாரி மருள் வந்த நிலையில் ஓவியத்தை நோக்கி, உரிய உருவங்கள் யாவும் அமைந்துள்ளனவா என ஆராய்வார். விடுபட்டது உண்டாயின் அது சேர்க்கப்படும். அவர் வழங்குவது அழகு பற்றிய தீர்ப்பன்று. கடன் தீர்ந்தது என்னும் தீர்ப்பாகும். ஐயனாருக்கு மண்குதிரை நேர்ந்தளிக்கும் மரபினை அறிந்த நமக்கு இஃது அயலான செய்தியன்று.

ஒடிசாவின் சவரர் வீட்டு உட்சுவரில் அரிசிமாவால் எழுதும் 'இடிதால்' ஓவியமும் இத்தகையதே. இறந்தோரின் ஆவி வந்து தங்கும் இல்லமாக அது கருதப்பட்டதை வெரியர் எல்வின் 1955ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் விரிவாக விளக்கியுள்ளார். இன்று அவ்வுருவங்கள் துணியிலும் தாளிலும் விற்பனைப் பொருளாகியுள்ளன. நம் மாநிலத்தில் நீலகிரிக் குறும்பரின் சுவரோவியமும் அவ்வழியே தாளுக்கு இடம்பெயர்ந்துள்ளது.

'கல்வி நிறுவனங்கள் சேர்த்து வைக்காவிடில் இவை அழிந்தொழியுமே' என வினவுவோர் உளர். அவ்வினாவில் நியாயம் உண்டு. தாளில் வரைந்து விற்பதால் ஓவியரின் அடுப்பு எரிகிறது என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயினும் சேர்த்தல் வேறு, கவர்தல் வேறு. 1966இல் ஆத்திரேலியா வெளியிட்ட ஒரு டாலர் தாளில், டேவிட் மலாங்கி என்னும் பழங்குடி ஓவியரின் மரப்பட்டை ஓவியம் அவரறியாமலேயே அச்சிடப்பட்டது. அது மூதாதை ஒருவரின் ஈமச்சடங்கைக் குறிக்கும் ஓவியம். பின்னர் அவருக்குப் பணமும் பதக்கமும் வழங்கினர். முன்னரே கேட்டிருக்க வேண்டிய ஒரு சொல்லுக்கு அவை ஈடாகுமா?

நல்வழி காட்டியோரும் உளர். பரோடா பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கணேஷ் தேவி, 1996இல் 'பாஷா' என்னும் அமைப்பைத் தொடங்கினார். அவ்வமைப்பு தேஜ்கட்டில் நிறுவிய ஆதிவாசி அகாதெமியின் அருங்காட்சியகத்திற்கு 'வாச்சா' என்று பெயர். வாக்கு என்பது அதன் பொருள். பிறர் பார்த்து எழுதும் இடமாக அன்றி, அம்மக்களே தம்மைப் பற்றிப் பேசும் இடமாக அது கருதப்பெற்றது. பிதோரா ஓவியர் பரேஷ் இராத்துவாவுக்கு 2023இல் பத்மசிறீ விருது அறிவிக்கப்பட்டமையும் ஈண்டு நினைக்கத்தக்கது.

நம் மேற்கு மலைச்சரிவுகளில் பளியரும் காணிக்காரரும் வாழ்கின்றனர். நாளை நம் மாணவர் கள ஆய்வுக்குச் செல்வராயின், அவர்களிடம் நாம் வேண்டுவன சிலவே. பெறும் பொருளை ஆக்கியவர் பெயரையும், அஃது எச்சடங்கிற்குரியது என்பதையும் எழுதுங்கள். வெளியார் காணலாகாது என அம்மக்கள் மறுப்பதை விட்டுவிடுங்கள். எழுதியதை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். கலைக்கூடத்தின் சுவர் நிறையாமற் போயினும் குற்றமில்லை. பிறர் நம்பிக்கையின் பொருளறியாது அதனை அழகுப்பொருளாக மாட்டி வைப்பது கல்விக்குப் பெருமை சேர்க்காது.